சங்கவி சொன்ன சில்லை

“ஏங்க... ஏங்க! அந்தத் தொட்டியத் தொடாதீங்க!”

பச்சை வலைப் பந்தலுக்குள்ளிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தாள் கிளாரா. கையில் மண்வாரி, தலையில் துப்பட்டா, நெற்றியில் மழை. ஐப்பசி மழை அப்போதுதான் வலுத்திருந்தது. திண்டிவனம் பைபாஸில் போகிற லாரிகளின் விளக்குகள் வெறும் மஞ்சள் கறைகளாகத் தெரிந்தன.

காகிதப்பூத் தொட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தவன் அப்படியே நின்றான். அவன் ஹெல்மெட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“மழைக்கு ஒதுங்கினேங்க. வண்டிய விட எடமில்ல. இதக் கொஞ்சம் நகத்தலாம்னு...”

“நகத்துவீங்க, நகத்துவீங்க! உள்ள சிட்டுக்குருவி கூடு கட்டிக்கினு இருக்கு. கண்ணு தெரியல?”

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். முப்பது வயதிருக்கும். நனைந்த முடி, இரண்டு நாள் தாடி. அதற்கு நடுவே... சண்டைக்கு வந்தவளைப் பார்த்துச் சிரிக்கிற கண்கள். கிளாராவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்றுதான் அவள் நினைத்தாள்.

அவன் குனிந்து பார்த்தான். முள்ளுக் கிளைகளுக்கு நடுவே புல்லால் உருட்டிய பந்து மாதிரி ஒரு கூடு. பக்கவாட்டில் சின்ன வாசல். உள்ளேயிருந்து ஒரு பறவை விருட்டென்று பறந்து எதிரே கம்பியில் உட்கார்ந்தது.

“அது சிட்டுக்குருவி இல்லீங்க.”

“என்னது?”

“ஆண் சிட்டுக்குருவின்னா தொண்ட கறுப்பா இருக்கும், கன்னம் வெள்ளையா இருக்கும். இதுக்கு மூஞ்சி, தொண்ட எல்லாம் சாக்லேட் கலரு. மார்ல பாருங்க... மீன் செதில் மாதிரி வரி வரியா...”

கிளாரா பார்த்தாள். மழை தெரிந்தது. கம்பி தெரிந்தது. கம்பியின்மேல் ஒரு பழுப்புப் பொட்டு தெரிந்தது. சாக்லேட்டும் தெரியவில்லை, செதிலும் தெரியவில்லை. ஆனால் அதை இவனிடம் சொல்வதா?

“பொறந்ததுலேர்ந்து இந்த நர்சரியிலதான் இருக்கேன். எனக்குத் தெரியாத குருவியா?”

அறையிலிருந்து எட்டிப்பார்த்த அப்பா சூசைமுத்து, நேரம் பார்த்துக் காலை வாரினார். “சிட்டுக்குருவி இல்லம்மா அது. நெல்லுக்குருவி.”

“ப்பா... நீங்க சும்மா இருங்க!”

அவன் போனில் நாலு படம் எடுத்தான். தன் பெயர் அந்தோணி பிரபு, விழுப்புரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான், செவ்வாய்க்கிழமைதோறும் திண்டிவனத்தில் கண் பரிசோதனை முகாமுக்கு வருகிறான்... கேட்காமலே எல்லாம் சொன்னான். கண்ணு தெரியலயா என்று தான் கேட்டது அப்போதுதான் கிளாராவுக்கு உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“தெரிஞ்சவங்ககிட்ட கேட்டு, என்ன குருவின்னு சொல்றேங்க. உங்க நம்பர்?”

“போர்டுல இருக்கு.”

கேட்டுக்கு வெளியே மழையில் நின்ற போர்டை அவன் இருந்த இடத்திலிருந்தே படித்து, பத்து எண்களையும் அழுத்தினான். அவள் போன் அடித்தது.

சாயங்காலம் அவனிடமிருந்து முதல் செய்தி வந்தது.

‘புள்ளிச் சில்லை. சங்கவி சொன்னாங்க.’

கிளாரா இரண்டு முறை படித்தாள். சில்லை... அழகான பேர். சரி. ஆனால்... சங்கவி யார்?

---

அடுத்த நாளிலிருந்து தினமும் ஒரு செய்தி வந்தது.

‘தொட்டிக்கு மேலிருந்து தண்ணி ஊத்தாதீங்க, வேர்ல மட்டும் விடுங்க. சங்கவி சொன்னாங்க.’

‘ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். ரெண்டு வாரத்துல குஞ்சு பொரிக்கும். சங்கவி சொன்னாங்க.’

‘ஓரத்துல இருக்கிற புல்ல வெட்டிடாதீங்க. புல்லு விதைதான் அதுக்குச் சாப்பாடு. சங்கவி...’

கிளாரா போனைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, சங்கவி யாரென்று தேடினாள். பொறாமையா? சேச்சே. தெரிந்துகொள்ள வேண்டாமா, அவ்வளவுதான். பேஸ்புக்கில் கிடைத்துவிட்டாள். விழுப்புரத்தில் ஒரு காலேஜில் விலங்கியல் பாடம் எடுக்கிறவள். கழுத்தில் பைனாகுலர், தலையில் தொப்பி, பின்னால் ஏதோ ஏரி. வெயிலில் கறுத்த முகத்தில் பளீரென்று ஒரு சிரிப்பு.

அழகாக வேறு இருந்தாள். என்ன பேஜாரு இது!

அன்றைக்கே கிளாரா ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, உரமூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். எந்தப் பறவை எப்போது உள்ளே போகிறது, எப்போது வெளியே வருகிறது எல்லாவற்றையும் எழுதினாள். ஒன்று நீளமான புல்லைக் கவ்விக்கொண்டு வந்தால், வால்போல அது பின்னால் பறக்கும். ஒன்று உட்காரும்போதே வாலை ஆட்டும். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. சங்கவி சொல்லாத ஒன்றைக் கண்டுபிடித்து அவனுக்குச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் உட்கார்ந்தாள், உட்கார்ந்த பிறகு அதுவே மறந்துபோனது.

அடுத்த செவ்வாய் அவன் வந்தபோது வெற்றியோடு சொன்னாள்.

“கறுப்பா இருக்கிறது ஆணு. வெளுத்தது பொண்ணு.”

பிரபு தலையைச் சொறிந்தான். “இல்லீங்க... இதுல ஆணும் பொண்ணும் ஒரே மாதிரிதான் இருக்குமாம். ஆணு மட்டும் பாடும். அதுவும் பக்கத்துல போனாத்தான் கேக்குமாம், அவ்ளோ மெதுவா பாடும்னு சங்கவி சொன்னா.”

கிளாராவின் காது அங்கேயே நின்றுவிட்டது.

சொன்னா. போன வாரம் வரைக்கும் சொன்னாங்க. இந்த வாரம்... சொன்னா. நடுவிலிருந்த ‘ங்க’ எங்கே போனது?

“எல்லாத்துக்கும் சங்கவிதானா? உங்களுக்குன்னு சொந்தமா ஒண்ணும் தெரியாதா?”

“தெரியும்.” அவன் குரல் தணிந்தது. “உங்களுக்குக் கிட்டப்பார்வ இருக்கு.”

“என்ன?”

“தூரத்துல பாக்கிறப்ப கண்ணச் சுருக்குறீங்க. அன்னைக்கே பார்த்தேன். அந்தக் கம்பியில இப்ப எத்தன குருவி இருக்குது, சொல்லுங்க?”

“...ரெண்டு.”

“நாலு.”

அவளுக்கு முகம் சூடானது. இருபத்தேழு வயதுவரை வீட்டில் யாரும் கண்டுபிடிக்காததை இவன் கண்டுபிடித்துவிட்டான். எவ்வளவு உற்றுப் பார்த்திருந்தால்... என்று மனசின் ஒரு பக்கம் குழைந்தது. பைனாகுலர்காரிக்கு முன்னால் நான் பார்வை கெட்டவளா, என்று இன்னொரு பக்கம் எரிந்தது. எரிந்த பக்கம்தான் வாயைத் திறந்தது.

“வேற யாருக்காவது போய்க் கண்ணாடி வியாபாரம் பண்ணுங்க!”

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. பையிலிருந்த கண் பரிசோதனை அட்டையைத் தூணில் மாட்டி, “ஒரே ஒரு தடவ படிச்சிடுங்க, நான் போயிடுறேன்” என்றான். மூன்றாவது வரியிலேயே எழுத்துகள் கரைந்துபோயின. அவன் லென்ஸ்களை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டான். “இப்பவா... இப்பவா?” என்று அவன் கேட்க, அவள் பதில் சொல்ல... மழை பெய்தது.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை கண்ணாடி வந்தது. மெல்லிய கறுப்பு ஃபிரேம். அவனே அவள் காதோரம் சரிசெய்து மாட்டினான். விரல் நுனி பட்டும் படாமல்... அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

“இப்பப் பாருங்க.”

பார்த்தாள்.

கம்பியில் சில்லை. அடர்ந்த சாக்லேட் முகம், தடித்த குட்டை அலகு, மார்பெங்கும் வெள்ளையில் பழுப்பு விளிம்பு கட்டிய செதில்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக, யாரோ மெல்லிய தூரிகையால் உட்கார்ந்து வரைந்த மாதிரி. இவ்வளவு நாள் இதையா வெறும் பொட்டு என்று நினைத்தேன்!

“ஐயோ பிரபு...” என்றாள். முதல்முறையாகப் பெயர் சொல்லி.

அப்போதுதான் கேட்டில் ஸ்கூட்டி வந்து நின்றது.

“டேய் பிரபு! என்னை விட்டுட்டு வந்துட்டியா?” என்று சிரித்துக்கொண்டே தொப்பிக்காரி இறங்கினாள்.

சங்கவி நல்லவளாக இருந்தாள். அதுதான் கொடுமை. கிளாராவின் கையைப் பிடித்து, “நீங்கதானா அது! நோட்டு போட்டு எழுதுறீங்களாமே, என் காலேஜ் பசங்ககூட அப்படிச் செய்ய மாட்டாங்க” என்றாள். ஒரு நிமிஷம் கண்மூடி நின்று, “பொரிச்சாச்சு. சத்தம் கேக்குதா? ரெண்டு மூணு நாள் ஆயிருக்கும்” என்றாள். ஒரு வாரத்துக்கு மேலாக உரமூட்டைக்குப் பின்னால் தவம் கிடந்த கிளாராவுக்கு அது கேட்டிருக்கவில்லை. கிளம்பும்போது சங்கவி பிரபுவின் தோளில் கையைப் போட்டு, “வாடா, பசிக்குது” என்றாள்.

புதுக் கண்ணாடி. எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அந்தக் கை. அதை அவன் விலக்காதது. இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பது...

கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

---

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை தானே முதலில் செய்தி அனுப்பினாள்.

‘ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நானும் அப்பாவும் திருவக்கரை கல்மரப் பூங்கா பாக்கப் போறோம். வர்றீங்களா?’

அனுப்பிவிட்டுப் போனை உள்ளங்கையிலேயே வைத்திருந்தாள். பதில் ஒரு மணி நேரம் கழித்து வந்தது.

‘அன்னைக்கு ஒரு முக்கியமான வேலை இருக்குங்க. இன்னொரு நாள் கண்டிப்பா.’

செவ்வாய்க்கிழமை மழையால் முகாம் இல்லை, அவன் வரவில்லை. புதன்கிழமை மாலை அந்த முக்கியமான வேலை என்னவென்று தெரிந்தது. சங்கவி பேஸ்புக்கில் படம் போட்டிருந்தாள். பனமலை ஏரி. மேலே குன்றில் கோயில். கரையில் பாறைமேல் பிரபுவும் அவளும். கீழே, ‘ஞாயிறு காலை, சில்லைகள் நாற்பது’ என்று எழுதியிருந்தது.

கிளாரா அழவில்லை. போனை வைத்துவிட்டு, இருந்த ரோஜாப் பதியன்களுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றினாள். ஏற்கெனவே மழையில் ஊறியிருந்த தொட்டிகள் வழிந்தன.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு டெக்கரேஷன் ரஞ்சித் வண்டியோடு வந்தான். விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபம். வாசலுக்குப் பன்னிரண்டு காகிதப்பூத் தொட்டிகள் வேண்டும். அப்பா மண் எடுக்க மயிலம் பக்கம் போயிருந்தார். பதினொன்றுதான் தேறியது.

“அக்கா, அதோ அது நல்லா பூத்திருக்கே... அதுல குருவி இருக்குன்னு உங்கப்பா சொன்னாரே?”

கிளாரா அந்தத் தொட்டியைப் பார்த்தாள். அது இருக்கிறவரைக்கும் அவன் வருவான். அவன் பின்னாலேயே அவளும் வருவாள். சிரிப்பார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

“பறந்து போச்சு. ஏத்திக்கோ.”

சொன்னது தான்தானா என்றிருந்தது. வண்டி போய்விட்டது.

அரைமணி நேரத்தில் சில்லைகள் வந்தன. தொட்டி இருந்த இடத்துக்கு நேரே பறந்து வந்து, உட்காரக் கிளையில்லாமல் காற்றில் திகைத்தன. கம்பிக்குப் போயின. திரும்ப வந்தன. சிமெண்டுத் தரையில் தொட்டி வைத்த வட்டம் மட்டும் காய்ந்துகிடந்தது. ஒன்று அந்த வட்டத்துக்குள்ளேயே இறங்கி, இங்கும் அங்கும் தத்தித் தத்தி... “கிட்டீ... கிட்டீ...” என்று மெலிந்த குரலில் கூப்பிட்டது. மறுபடி. மறுபடி.

கிளாரா வாயைப் பொத்திக்கொண்டாள்.

என்ன செய்துவிட்டேன்... யார்மேல் இருந்த கோபத்தை யார்மேல் காட்டிவிட்டேன்!

ரஞ்சித்தைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. ஐந்து முறை அடித்தாள். பிறகு, எந்தப் பெயரை அழிக்க வேண்டுமென்று ராத்திரி நினைத்தாளோ அந்தப் பெயரை அழுத்தினாள்.

“பிரபு... நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். கூடு இருந்த தொட்டிய மண்டபத்துக்கு அனுப்பிட்டேன். குஞ்சுங்க உள்ள இருக்குன்னு தெரிஞ்சேதான் அனுப்பினேன்.”

ஏன் என்று கேட்பான், திட்டுவான் என்று காத்திருந்தாள்.

“எந்த மண்டபம்?” என்று மட்டும் கேட்டான்.

---

விழுப்புரம் பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு யுகமாக இருந்தது. கிளாரா மண்டபத்துக்கு ஓடியபோது மணி பத்தே முக்கால். வாசலில் மேளக்காரர்கள், வாழைமரம், சந்தனக் கும்பா. அவற்றுக்கு நடுவே ஒரு காகிதப்பூத் தொட்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பிரபு நின்றிருந்தான். சட்டை முள்ளில் கிழிந்திருந்தது.

“தோ பாருங்க தம்பி,” என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார், “அந்தக் குப்பய வெட்டிப் போட்டுட்டு லைட்டு சுத்தட்டும். நல்ல காரியம் நடக்குற எடம்!”

“குப்ப இல்லீங்க ஐயா, கூடு. உள்ள குஞ்சு இருக்கு. நல்ல காரியம் நடக்குற எடத்துல அத வெட்டலாமா?”

பெரியவர் கூட்டை எட்டிப் பார்த்தார். கிளாரா மூச்சிரைக்க முன்னால் வந்து கைகூப்பினாள்.

“தப்பு என்னுதுங்க. நர்சரி எங்களுதுதான். வேற தொட்டி ஜல்தியா அனுப்பிடறேன். இத மட்டும் குடுத்துடுங்க.”

ரஞ்சித் ஓடி வந்து, “பறந்து போச்சுன்னீங்களே அக்கா!” என்றான். அவள் தலை குனிந்தாள். ரஞ்சித் தொட்டியைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தான்.

ரஞ்சித்தின் குட்டி லோடு வண்டியின் பின்புறம், தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு பேரும் தொட்டியை ஆளுக்கொரு பக்கம் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வண்டி கிளம்பியதும் தூறல் தொடங்கியது. கூட்டுக்குள்ளிருந்து சத்தமேயில்லை.

“உயிரோட இருக்குமா?”

“இருக்கும். நான் வந்தப்ப சத்தம் கேட்டுச்சு. பசியில சோர்ந்திருக்கும்.”

வண்டி விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டியது. பிறகு அவன் கேட்டான், தொட்டியைப் பார்த்துக்கொண்டே.

“ஏன் கிளாரா?”

அவள் நினைத்து வைத்திருந்த பொய்களெல்லாம் இருந்தன. எதையும் சொல்லவில்லை.

“பனமலை படத்தப் பாத்தேன். முக்கியமான வேலைன்னீங்க.”

பிரபு நீளமாக மூச்சுவிட்டான்.

“மறைக்க மாட்டேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சங்கவிகிட்ட நான் கேட்டேன். கட்டிக்கிறியான்னு. அவ வேணாம்னுட்டா. பள்ளிக்கூடத்துலேர்ந்து ஃப்ரெண்டு, அப்படியே இருந்துட்டுப் போறேன்னா. ஆறு மாசம் வலிச்சுது. அப்புறம் வலிக்கல.”

கிளாராவுக்குள் ஏதோ சுருக்கென்றது. அப்படியானால் தான் நினைத்தது முழுப் பொய்யில்லை. ஒரு காலத்தில் அந்தக் கண்கள் சங்கவியைத் தேடியவைதான். அது வலித்தது. ஆனால் அவன் சொல்லிவிட்டான். கேட்காமலே, முழுசாக.

“அப்ப ஞாயித்துக்கிழம?”

“உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு அவகிட்ட யோசன கேக்கப் போனேன்.”

“...என்ன சொல்றது?”

அவன் காது சிவந்தது. “சிட்டுக்குருவிய விட்டா எனக்குக் குருவியப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. தினமும் உங்களுக்கு அனுப்புறதுக்கு ஒரு வரி வேணும். அதுக்குத்தான் அவளத் தொந்தரவு பண்ணிக்கினே இருந்தேன். கண்ணாடிக்கடக்காரன் வேற என்னத்தப் பேசுவான்?”

“அவங்க என்ன யோசன சொன்னாங்க?”

“‘மொதல்ல அந்தப் பொண்ணுகிட்ட என் பேரச் சொல்றத நிறுத்துடா, மடையா’ன்னா.”

கிளாராவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணிலிருந்து நீர் இறங்கியது. அவன் பதறிப்போய்க் கைக்குட்டையைத் தேட, வண்டி ஒரு பள்ளத்தில் ஏறி இறங்க, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொட்டியை இறுக்கிப் பிடித்தார்கள். முள் இரண்டு பேர் கையிலும் கீறியது.

---

தொட்டியைச் சிமெண்டில் அதே வட்டத்தில் வைத்தார்கள். கூட்டின் வாசல் முன்பு பார்த்திருந்த திசையிலேயே திருப்பினார்கள். கம்பியில் ஒரு பறவையும் இல்லை.

மயிலத்திலிருந்து திரும்பியிருந்த சூசைமுத்து எல்லாவற்றையும் கேட்டார். மகளை ஒரு பார்வை பார்த்தார். “பொய் சொல்லியா அனுப்பின?” என்றார். அறைக்குள் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

உரமூட்டைக்குப் பின்னால் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பத்து நிமிஷம்... இருபது நிமிஷம்... தூறல் நின்றது. எங்கோ ஒரு பஸ்ஸின் ஹாரன்.

“வராதா பிரபு?”

“தெரியல.”

இந்த முறை அவன் யாரையும் கேட்டுச் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியவில்லை என்றான். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

அரைமணி கழிந்திருக்கும். வேலியோரப் புல்லிலிருந்து ஒரு பழுப்பு நிழல் எழுந்தது. கம்பியில் உட்கார்ந்து வாலை ஆட்டியது. தொட்டியைப் பார்த்தது. நம்பவில்லை. பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. முதலாவது கிளைக்குத் தாவியது... வாசலுக்கு... உள்ளே.

அடுத்த கணம் கூட்டுக்குள்ளிருந்து பல குஞ்சுகளின் குரல், ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, பசியும் ஆத்திரமுமாக எழுந்தது.

கிளாரா பிரபுவின் கையைப் பிடித்துவிட்டாள். பிடித்தது தெரிந்தும் விடவில்லை.

“எனக்குப் பொறாம,” என்றாள் மெல்ல. “இவ்ளோ கெட்ட பொறாம எனக்குள்ள இருக்கும்னு எனக்கே தெரியாது. இனிமே வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். வந்தா உங்ககிட்ட நேராச் சொல்லுவேன். வேற எதுமேலயும் காட்ட மாட்டேன்.”

“சொல்லுங்க. எனக்கு அதுகூடப் பரவால்ல.”

“இன்னும் பத்து நாள்ல குஞ்சுங்க பறந்து போயிடும். அதுக்கப்புறம் செவ்வாய்க்கிழம எதுக்கு வருவீங்க?”

“நீங்களே சொல்லுங்க கிளாரா. எதுக்கு வரட்டும்?”

அவள் நிமிர்ந்து அவன் கண்ணைப் பார்த்தாள்.

“என்னைப் பாக்க,” என்றாள். “எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு பிரபு. அன்னைக்கு ஹெல்மெட்ட கழட்டினப்பவே பிடிச்சிடுச்சு. அதனாலதான் அவ்ளோ சண்ட போட்டேன்.”

பிரபு, அவள் பிடித்திருந்த கையைத் திருப்பி, விரல்களை விரல்களோடு கோத்துக்கொண்டான்.

“அப்ப செவ்வாய்க்கிழம வரைக்கும் காத்துக்கினு இருக்க மாட்டேன்,” என்றான். “நாளைக்கே வர்றேன்... எங்கம்மாவக் கூட்டிக்கினு.”

அறைக்குள்ளிருந்து சூசைமுத்து தொண்டையைச் செருமினார். “எத்தன மணிக்குன்னு கேட்டுக்கம்மா. நான் சவரம் பண்ணணும்.”